முறைக்காதையும் என்றொரு வைஃபை

சனிக்கிழமை பின்னேரம் மூன்று முப்பத்தைந்துக்கு என் கணினி என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. திரையின் மூலையில் வைஃபை அடையாளம் நிற்கிறது. இணைப்புக் கிடைத்துவிட்டது என்கிறது. ஆனால் ஒரு பக்கமாவது திறந்தால்தானே! கூகிள் இல்லை, மின்னஞ்சல் இல்லை, வகுப்பு நடத்துகிற சூம் இல்லை. திரையின் பின்னணியில் மட்டும், என் மனுசன் கோகுலன் கட்டாரிலிருந்து அனுப்பிய பாலைவனப் படம் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது.

நாலரைக்கு எனக்கு வகுப்பு. இலண்டனில் அப்போது காலை பதினொரு மணி. அங்கேயுள்ள ஒன்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் தர்மபுரத்திலிருந்து கணிதம் படிப்பிக்க வேண்டும். பட்டம் எடுத்து ஏழு வருடம். விண்ணப்பம் எழுதி எழுதிக் கை சலித்து, கடைசியில் இப்போதுதான் என் படிப்புக்கென்று ஒரு வேலை வந்தது. வந்த வேலை இரண்டு தரம் சறுக்கியும் விட்டது. வகுப்பை ஒழுங்கு செய்கிற விமலேஸ்வரி அக்கா காலையிலேயே வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தா: “தங்கச்சி, குறை நினையாதையும். இண்டைக்கும் நெட் இல்லையெண்டால் நான் வேற ஆளைப் பாக்கத்தான் வேணும். தாய் தகப்பன்மார் என்னைப் பிய்க்கினம்.”

நியாயம்தானே. அவாவில் பிழை சொல்ல ஏதுமில்லை. போன சனிக்கிழமை மழை. இரணைமடுக் குளத்துக் கதவு திறக்கிற அளவுக்கு அடித்த மழையில் தர்மபுரம் முழுக்க இணையம் படுத்துவிட்டது. அது கடவுள் செயல், விடுவோம். ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. ரவுட்டரில் பச்சை விளக்கெல்லாம் எரிந்தது. கணினியும் இணைந்துவிட்டேன் என்றது. பக்கம் மட்டும் திறக்கவில்லை. கைபேசியில் வகுப்பைத் தொடங்கினேன். பிள்ளைகளுக்கு நான் எழுதுவது தெரியவில்லை. எழுதுகிற பலகை கணினியில்தான் பொருந்தும். பின்னத்தை வாயால் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு விளங்கும்?

இதில் பெரிய விசர் என்னவென்றால், திங்கள் முதல் வெள்ளி வரை அதே கணினி, அதே ரவுட்டர், தங்கமாக வேலை செய்தது. காலையிலும் பார்த்தேன், மத்தியானமும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு வகுப்பு என்றவுடன் மறுபடி செத்துப்போய்க் கிடக்கிறது. எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நான் கணிதப் பட்டதாரி!

“பிள்ளை, நான் விளக்கு வைச்சிட்டு வாறன்,” என்று வாசலில் மாமியின் குரல் கேட்டது.

இரஞ்சிதம் மாமி கோகுலனின் தாய். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், சுவிஸில் குடியேறிய ஊர்க்காரர் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற மாடி வீடு. திறப்பு மாமியிடம். வெள்ளிக்கிழமைகளில் போய்க் கூட்டி, சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டு வருவா. இப்போது பன்னிரண்டு நாளாகத் தினமும் போகிறா. எண்ணெய்ப் போத்தலோடு ஒரு துணிப்பையும் கூடவே போகிறது. மகன் வெளிநாட்டில் நல்லாயிருக்க ஏதோ நேர்த்திக்கடனாக்கும் என்று நானும் கேட்கவில்லை.

“உந்த வெயிலுக்கு விளக்கோ மாமி? நாலு மணியும் ஆகேல்ல,” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சாமிக்கு வெயிலென்ன, மழையென்ன,” என்றபடி அவா போய்விட்டா.

நான் படிமுறை படிமுறையாகப் போகிற ஆள். ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். கணினியை நிறுத்திப் போட்டேன். வைஃபை பிடிக்கிற சின்ன டொங்கிளைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பவும் அதன் நீள வயரில் பொருத்தி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். என் கைபேசியை அதே ரவுட்டரில் போட்டுப் பார்த்தேன், படம் ஓடியது. ஆகவே ரவுட்டர் நல்ல பிள்ளை. பிறகு கணினியில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, அங்கிருந்து ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. மூன்றடி தூரத்தில் பச்சை விளக்கோடு குந்தியிருக்கிற சாமான், கூப்பிட்டால் ஏனென்று கேட்கவில்லை. சனியனே, நான் உனக்கு என்ன செய்தேன்?

மூன்று ஐம்பத்தைந்து. இனிப் பொறுக்க ஏலாது என்று நிருஷனுக்கு அடித்தேன். பரந்தன் சந்தியில் கணினிக்கடை வைத்திருப்பவன். இந்தப் பழைய கணினியை எங்களுக்குத் தந்து, வைரஸ் பிடிக்காது அக்கா என்று லினக்ஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான்.

“கனெக்ட் ஆகிட்டுதெண்டு சொல்லுது தம்பி. ஆனால் ஒண்டும் திறக்குதில்லை. நாலரைக்கு வகுப்பு. எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை.”

“பதறாதேங்கோ அக்கா. கனெக்ட் ஆகிட்டுது சரி. எதோட கனெக்ட் ஆச்செண்டு பாத்தனீங்களே?”

“எதோட ஆகிறது? வீட்டில ஒரு ரவுட்டர்தானே இருக்கு?”

“ஒருக்காப் பாருங்கோவன்.”

அவன் சொன்ன கட்டளையை அடித்தேன். அயலில் பிடிபடுகிற வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வரும், கணினி இணைந்திருக்கும் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் நிற்கும் என்றான். வந்தது இரண்டே வரி. ஒன்று ‘இரஞ்சிதம் இல்லம்’, எங்கள் ரவுட்டர், மாமியின் ஆசைக்கு வைத்த பெயர். அதற்கு முன்னால் நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் மற்ற வரியில் நின்றது. அந்தப் பெயரை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“முறைக்காதையும்.”

“ஓ, அதுவோ!” நிருஷன் சிரித்தான். “அது கோகுலன் அண்ணையின்ர போன் ஹொட்ஸ்பொட் எல்லோ? ரவுட்டர் வாங்க முன்னம் அதில இருந்துதானே நீங்கள் நெட் எடுத்தனீங்கள். அதுக்கு முதலிடம் குடுத்து வைச்சதே நான்தான். அது கிட்ட இருந்தால் கணினி வேற ஒண்டையும் பாராது. ரெண்டு கிளிக்கில மாத்தலாம் அக்கா. அதுசரி, அண்ணை எப்ப வந்தவர்? சொல்லவேயில்லை!”

அவன் அக்கா, அக்கா என்று இரண்டு தரம் கூப்பிட்டான். பிறகு எடுக்கிறேன் என்று சொன்னேனா, சொல்லாமலே வைத்தேனா, இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

முறைக்காதையும். கலியாணம் கட்டிய புதிதில் அவர் தன் கைபேசிக்கு வைத்த பெயர் அது. நான் எதற்கெடுத்தாலும் முறைக்கிறேனாம். கடவுச்சொல் ‘ஒருக்காச் சிரியும்’. இரண்டையும் ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தவர். அந்த மனுசன் நாலு மாதத்துக்கு முன் கட்டாருக்குப் போய்விட்டார். அந்தக் கைபேசியும் அவரோடு போய்விட்டது.

முதலில் என்னை நானே சமாதானப்படுத்தினேன். வேறு யாரோ அதே பெயரை வைத்திருக்கலாம். சரி, பெயர் ஒத்துப்போகும். கடவுச்சொல்லும் ஒத்துப்போகுமா? அது ஓரெழுத்துப் பிழைத்தாலும் கணினி இணையாதே. இணைந்திருக்கிறது. கடல் தாண்டி வைஃபை வராது. எங்கள் ரவுட்டரே கிணற்றடியோடு நின்றுவிடும். அப்படியானால் அந்தக் கைபேசி இந்த வளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கைபேசி இருந்தால் மனுசன்?

அம்மாளாச்சி! அந்தரத்தில் மனம் எங்கெல்லாம் போகும்? ஆளுக்கு ஏதோ நடந்து, சாமான்களை மட்டும் அனுப்பிவிட்டார்களா? நேற்றுக்கூடக் குரல் அனுப்பினாரே. வேலைத்தளத்தில் கோல் கதைக்க விடமாட்டார்கள் என்று நாலு மாதமும் குரல்தான். போன சனிக்கிழமை வகுப்புப் போய்விட்டது என்று நான் அழுது அனுப்பியதற்கு, “அழாதையும் யது, நாளைக்கு நெட் வரும், எனக்குத் தெரியும்,” என்று பதில் சொன்னாரே. எப்படித் தெரியும்? கட்டாரில் இருக்கிறவருக்குத் தர்மபுரத்து நெட் எப்படித் தெரியும்?

டொங்கிளை வயரோடு கையில் எடுத்தேன். கிழக்கு ஜன்னலில் பிடித்து அந்தக் கட்டளையை அடித்தேன். ‘முறைக்காதையும்’ முப்பத்தெட்டுப் பலம் காட்டியது. வயரை இழுத்து இழுத்து மேற்கு ஜன்னலுக்குப் போனேன். எழுபத்தொன்பது. மேற்கே வேலி. வேலிக்கு அங்கால் சுவிஸ்காரரின் பூட்டிய வீடு. அங்கே மாமி, எண்ணெய்ப் போத்தல், துணிப்பை, பன்னிரண்டு நாள் விளக்கு.

நான் செருப்புக்கூடப் போடவில்லை. வேலியில் ஓலை விலகிக் கிடந்த பொட்டுக்குள்ளால் புகுந்து, நெருஞ்சி முள்ளை மிதித்துக்கொண்டு ஓடினேன். பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினேன்.

சுவாமி அறையில் விளக்கு எரியவில்லை. கூடத்தில், துணியால் மூடிய சோபாக்களுக்கு நடுவில், எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் கோகுலன் இருந்தார். வலது கால் முழங்கால் வரை வெள்ளைக் கட்டோடு ஒரு முக்காலியில் கிடந்தது. மடியில் சோற்றுக் கோப்பை. மாமி பக்கத்தில் நின்று கத்தரிக்காய்க் குழம்பு விட்டுக்கொண்டிருந்தா. கைபேசியை எங்கள் வீட்டைப் பார்க்கிற ஜன்னல் விளிம்பில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

மாமியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“யது,” என்றார் அவர்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் உயிரோடிருக்கிறார் என்ற நிம்மதியும், அடித்துக் கொல்ல வேண்டும் என்ற ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மனிசி என்ன செய்வாள்?

“எப்ப வந்தனீங்கள்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் போகவேயில்லை.”

“என்ன?”

“எயாப்போட்டுக்குள்ள போய்க் கடதாசியைக் குடுத்தன். இது செல்லாத விசா எண்டிட்டாங்கள். ஏஜென்சிக்காரன் போனை நிப்பாட்டிட்டான். வெளியால வந்து பாத்தன். எங்கட வான் போயிட்டுது.”

அந்த வான்! பதினான்கு பேர் ஏறிப் போனோம். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, ஒழுங்கையில் இருந்த அத்தனை பேருக்கும் சோறு போட்டு, ஊரே கூடி அனுப்பி வைத்த பயணம். புறப்படும்போது அத்தனை பேருக்கும் முன்னால் நான் வேறு வாய் விட்டேன். “ஒரு வருசத்துக்கு முந்தித் திரும்பி வந்தீங்களெண்டால் இந்த வாசல் ஏத்தமாட்டன், சொல்லிப்போட்டன்!” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் அழுகையை மறைக்கச் சொன்ன பகிடி அது.

“அப்ப இவ்வளவு நாளும்?”

“வவுனியாவில மேசன் வேலை. அங்கயிருந்துதான் அனுப்பினனான், எல்லாம்.”

“பாலைவனம்?”

அவர் தலை குனிந்தார். “கட்டடத்துக்கு லொறியில கொண்டந்து பறிச்ச மணல்.”

நான் அந்த மணல் கும்பியைத் திரையில் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கட்டார், கட்டார் என்று காட்டியிருக்கிறேன்! பக்கத்து வளவு இலட்சுமி அக்கா ஒட்டகம் எங்கே என்று கேட்டதற்கு, அது அங்கால் நிற்கும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

“சாரப் பலகையிலயிருந்து விழுந்து கால் முறிஞ்சுது பிள்ளை,” மாமி அழத் தொடங்கினா. “ஆசுப்பத்திரியால விட்ட பிறகு வேற எங்க போவான்? வீட்டை கூட்டிக்கொண்டு வாறன் எண்டு நான் கெஞ்சினனான். யது வாசல் ஏத்தமாட்டாள் எண்டு இவன்தான்...”

“நீங்கள் கதையாதேங்கோ மாமி! பன்னிரண்டு நாள்! ஒரே குசினியில என்னோட நிண்டு சமைச்சு, ஒரே பாயில குந்தியிருந்து சாப்பிட்டு! என்னைப் பேய்க்காட்டியிருக்கிறீங்கள், ரெண்டு பேருமாச் சேர்ந்து!” என் சத்தம் அந்த வெறும் வீட்டில் எதிரொலித்தது. “என்ர வேலையும் உங்களாலதான் போகப்போகுது, தெரியுமோ? உந்தப் போன்தான் என்ர கணினியைப் பிடிச்சு வைச்சிருக்கு!”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “பிடிச்சு வைச்சிருக்கோ? அது உமக்கு நெட் வரட்டுமெண்டெல்லோ போட்டு வைச்சனான்!”

“என்ன சொல்லுறீங்கள்?”

“போன சனி நீர் அழுதனீர். எனக்குத் தாங்கேல்லை. இஞ்ச இருந்து வேறென்ன செய்ய ஏலும்? கணினி முந்தி இந்தப் போனைத்தானே பிடிக்கிறது. அதுதான் வகுப்பு நாளில மூண்டரைக்கே ஹொட்ஸ்பொட் போட்டு ஜன்னலில வைச்சிடுவன். உமக்குத் தெரியாமலே வேலை நடக்குமெண்டு நினைச்சன்.” அவர் கைபேசியைப் பார்த்தார். “ஞாயிறு வகுப்பு நல்லா நடந்ததெண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

நான்தான் ஞாயிறு நடந்ததை அவருக்குச் சொல்லவில்லை. தூரத்தில் கஷ்டப்படுகிற மனுசனை ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று மறைத்துவிட்டேன். ஜன்னலிலிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தேன்.

“என்ன பக்கேஜ் போட்டிருக்கிறீங்கள்?”

“வட்ஸ்அப் பக்கேஜ்தான். உள்ளதுக்குள்ள மலிவு அதுதான். நெட்டெண்டால் எல்லாம் ஒண்டுதானே?”

வட்ஸ்அப் பக்கேஜ்! வட்ஸ்அப்பைத் தவிர வேறொன்றும் அதில் ஓடாது. அதனால்தான் கணினி இணைந்துவிட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டே ஒரு பக்கத்தையும் திறக்காமல் இருந்திருக்கிறது. என் மனுசன் முறிந்த காலோடு ஜன்னலருகில் இருந்து, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, என் வேலையை இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் குழப்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

“யது,” என்றார். “நாலு பதினெட்டாச்சு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“என்னோட பிறகு சண்டை பிடியும். அடிக்கிறதெண்டாலும் அடியும். நான் எங்கயும் ஓட ஏலாதுதானே. முதல்ல உந்தப் போனை நிப்பாட்டிப்போட்டுப் போம். அந்த வேலை போகக்கூடாது.”

கைபேசியை அணைத்தேன். அவர் மடியில் போட்டேன். எழும்பி ஓடினேன். வேலிப் பொட்டில் சேலை மாட்டிக் கிழிந்தது. இழுத்துக்கொண்டு ஓடினேன். கணினிக்கு முன்னால் வந்து விழுந்தபோது நாலு இருபத்துமூன்று. நட்சத்திரம் அங்குமிங்கும் தேடிவிட்டு, ‘இரஞ்சிதம் இல்லம்’ என்ற பெயருக்கு முன்னால் வந்து குந்தியது. சூம் திறந்தது. முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, கிழிந்த தலைப்பை உள்ளே செருகினேன். நாலரைக்கு ஒன்பது முகங்களும் திரையில் நின்றன. ஒரு மூலையில் விமலேஸ்வரி அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தா.

எப்படிப் படிப்பித்தேன் என்று கேட்காதீர்கள். கை தானாக எழுதியது. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் சேர்ந்தால் அரை. கணிதத்தில் ஒரு நிம்மதி, அது யாரையும் ஒளித்து வைக்காது. பாதி வகுப்பில் முதுகுக்குப் பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பிறகு மாமியின் மூச்சிரைப்பு. நான் திரும்பவில்லை. திரையில் என் தோளுக்கு மேலால் வாசல் தெரிந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம், ஒற்றைக்காலில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத்தான் தெரியுமே. அன்றைக்கு அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னவள் நான்தானே.

ஐந்தரை வரை அப்படியே நின்றார். ஒரு தரம் சறுக்கப் பார்த்து, திரும்பவும் நிலையைப் பிடித்தார். எனக்கு எழுதிக்கொண்டிருந்த எண் பிழைத்துவிட்டது. அழித்து எழுதினேன்.

“நல்லாப் படிப்பிச்சனீர் தங்கச்சி,” என்றா விமலேஸ்வரி அக்கா. “பிள்ளையள் அசையேல்லைப் பாரும்! நாளைக்கும் இதே நேரம். இனி இது உம்மட வகுப்புத்தான்.”

ஏழு வருடம். நான் அந்த இடத்தில் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நன்றி அக்கா என்று மட்டும் சொல்ல முடிந்தது. மூடப்போகிற நேரம் சப்னா என்ற சின்னப் பெண் கையைத் தூக்கினாள். முல்லைத்தீவிலிருந்து போன குடும்பம். வகுப்பிலேயே வாய்காரி அவள்தான்.

“மிஸ், உங்களுக்குப் பின்னால நிக்கிறது ஆர்?”

ஒன்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். விமலேஸ்வரி அக்காவும் எட்டிப் பார்த்தா. மனுசன் கட்டாரில் என்று அவாவுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

“அது,” என்றேன், “வைஃபை திருத்த வந்தவர்.”

“பாவம் மிஸ். அவருக்குக் கால் உடைஞ்சிருக்கு. எவ்வளவு நேரமா நிக்கிறார்! உள்ளுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கோ.”

திரும்பினேன். வியர்வையில் சட்டை நனைந்து, முகம் வெளிறிப்போய் நின்றார். பக்கத்திலிருந்த கதிரையை இழுத்து வாசலுக்கு நேரே போட்டேன்.

“உள்ளுக்கு வாங்கோ,” என்றேன். முறைத்துக்கொண்டுதான் சொன்னேன்.